செத்தவள் பேசக் கூடாது

குறிஞ்சி பூத்த வருடமா, அதற்கு மறு வருடமா என்று, இந்த மலையில் என்னோடு வளர்ந்த உங்களில் சிலர் சண்டைக்கு வருவீர்கள். மறு வருடம்தான். பூத்த வருடம் மலைப்பாதை மூடவில்லை. பூப் பார்க்க வந்த கார்கள் நாயுடுபுரம் வரை வரிசையாக நின்றதை நானே பார்த்திருக்கிறேன். மண் சரிந்து, பாறை உருண்டு, வத்தலக்குண்டிலிருந்து ஒரு பஸ்கூட மேலே வராமல் போனது அதற்கு அடுத்த தீபாவளிக்கு. அதன் பிறகு மூன்று முறை பூத்து ஓய்ந்துவிட்டது. அப்படியானால் அப்போது எனக்குப் பத்து வயது. இதைப் படிக்கிற உங்களில் பலருக்கும் அதே வயதுதான் இருந்திருக்கும்.

நீங்கள் அந்த நாட்களை மழை லீவு என்று நினைவில் வைத்திருப்பீர்கள். எனக்கு அது பஸ் ஹாரன். இப்போதும் மலைப்பாதை வளைவில் ஹாரன் கேட்டால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன்.

முதலில் அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்கார மிஷன் வீட்டுக்காரர்கள் ஊரைக் காலி செய்து போகும்போது, புல்தரையில் பெட்ஷீட் விரித்துச் சாமான்களை விற்பார்கள், நினைவிருக்கிறதா? ஜாம் பாட்டில்கள், பூச்சி அரித்த கம்பளி, ஒரு கால் இல்லாத நாற்காலி. பெரியப்பா அப்படி ஒரு விற்பனைக்கு இரும்பு அடுப்பு வாங்கப் போனார். அடுப்போடு ஒரு மரப்பெட்டியையும் தள்ளிவிட்டார்கள். அதற்குள் கிழிந்த பைபிள் கதைப் படங்களுக்கும், எண் குலுக்கி எடுக்கும் தம்போலா விளையாட்டுக்கும் அடியில், டிராகன் படம் போட்ட ஓர் அட்டைப்பெட்டி கிடந்தது.

பெரியப்பா மகன், அதாவது என் அண்ணன், இங்கிலீஷ் மீடியத்தில் ஒன்பதாவது படித்தான். அட்டைப்பெட்டிக்குள் இருந்த புத்தகத்தை அகராதி வைத்துப் படித்து எங்களுக்கு விளக்கினான். பலகையும் இல்லை, காயும் இல்லை. ஒருவன் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் கதைக்குள் ஆளுக்கொரு ஆளாக நிற்க வேண்டும். 'நீ குகை வாசலில் நிற்கிறாய், உள்ளே ஏதோ மூச்சுவிடுகிறது, என்ன செய்கிறாய்?' என்று சொல்கிறவன் கேட்பான். நாம் சொல்வதை முடியுமா முடியாதா என்று தீர்மானிக்க, பல முகம் கொண்ட பகடை ஒன்று இருந்தது. இரண்டாம் நாளே அது பலகை இடுக்கில் விழுந்து பூண்டுக் குவியலுக்குள் போய்விட்டது. எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாகத் தம்போலாக் கட்டைகளில் ஒன்றிலிருந்து இருபது வரை எடுத்து, பிளானல் துணியில் தைத்த பையில் போட்டுக்கொண்டோம். கட்டை என்றால் சுண்டுவிரல் நுனி அளவு மரத்துண்டு, தலையில் சிவப்பு எண்.

விளையாடிய இடம் பெரியப்பா வீட்டுப் பூண்டுப் பரண். கீழே சமையலறை அடுப்பு. அதன் புகை பலகை இடுக்கு வழியாக ஏறி, மேலே கட்டுக்கட்டாகத் தொங்கும் பூண்டைக் காயவைக்கும். பகலிலேயே அங்கே இருட்டு. ஓட்டு இடைவெளி வழியாக மூடுபனி இறங்கி, புகையோடு கலந்து, எது எதுவென்று தெரியாமல் முழங்கால் உயரத்துக்கு நிற்கும். அண்ணன் பிஸ்கட் டின் அட்டையை மறைப்பாக நிறுத்தி, அதற்குப் பின்னால் அரிக்கேன் விளக்கை வைத்துக்கொள்வான். எங்களுக்கு அவன் நெற்றி மட்டும் தெரியும்.

புத்தகத்தில் நான்கு வகை ஆட்கள் இருந்தார்கள். வீரன், திருடன், மந்திரவாதி, பூசாரி. வீரனை எங்கள் தெருப் பேக்கரிக்காரர் மகன் யாரையும் கேட்காமல் எடுத்துக்கொண்டான். அண்ணனின் தங்கை, ஏழு வயதுச் சின்னவள், திருடன் வேண்டும் என்று அழுதாள். பூட்டைத் திறப்பது, ஓட்டைக்குள் நுழைவது எல்லாம் திருடன் வேலை. மந்திரவாதி பக்கம் யாரும் போகவில்லை, பெரியம்மா காதில் அந்தச் சொல் விழுந்தால் பெட்டி அடுப்புக்குப் போய்விடும். மிச்சம் இருந்த பூசாரி எனக்கு.

"பொம்பளப்புள்ள பூசாரியா? மணி ஆட்டத் தெரியுமா ஒனக்கு?" என்றான் பேக்கரிக்காரர் மகன்.

"வெட்டுப்பட்டு எங்கிட்டதான வருவ? அப்ப திருநீறு கெடையாது, போ" என்றேன்.

பூசாரி காயத்தை ஆற்றலாம், செத்தவர்களை எழுப்ப முடியாது. அதற்கு நிறையக் கதைகள் தாண்டி உயர்ந்த பூசாரியாக வேண்டும் என்று புத்தகம் சொன்னது. அது எனக்கு அப்போது பெரிய குறையாகத் தோன்றவில்லை.

புரட்டாசியில் ஒரு கதையில் வீரன் பாலத்திலிருந்து விழுந்து செத்தான். செத்தவன் வீட்டுக்குப் போகாமல், சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்து எங்கள் இருவருக்கும் யோசனை சொல்லிக்கொண்டே இருந்தான். "இடது பக்கம் போகாத, அங்கதேன் அது இருக்கு" என்று. அண்ணன் கோபத்தில் சட்டம் போட்டான். செத்தவர் பேசக் கூடாது. கதை முடிகிற வரைக்கும் பேசக் கூடாது. பேக்கரிக்காரர் மகன் முறைத்துவிட்டு இறங்கிப் போனான். அடுத்த கதைக்குப் புது வீரனாக வந்தான்.

ஆனால் அவன் மனதில் அது கிடந்தது. சின்னவளுக்குக் குறைந்த எண் வந்தபோதெல்லாம் அண்ணன் "கை வழுக்கிருச்சு, இன்னொரு தரம் எடு" என்று விடுவதை அவன் கவனித்து வந்தான். தீபாவளிக்கு முன்னால் ஒருநாள் வெடித்துவிட்டான்.

"ஏலே, ஒந் தங்கச்சின்னா ரெண்டு தரம். நான் மட்டும் ஒரே தரத்துல சாகணுமா? இது வெளாட்டா, ஒங்க வீட்டு விசேஷமா?"

அண்ணனின் முகம் சிவந்துபோனது. பழனி இருக்கும் திசையில் திரும்பி, தலையில் கைவைத்துச் சொன்னான்: "பழனி மேல சத்தியமா இனிமே யாருக்கும் ரெண்டாந்தரம் கெடையாது. என் தங்கச்சின்னாலும் கெடையாது. போதுமா?"

பழனிமேல் செய்த சத்தியத்தை எங்கள் வீடுகளில் யாரும் சும்மா சொல்வதில்லை. சின்னவள் வாயைத் திறந்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தீபாவளிக்கு மறுநாள், மழை ஓட்டில் கொட்டிக்கொண்டிருந்த பிற்பகலில், கதையில் ஒரு குகைக்குள் இருந்தோம். பூட்டிய பேழை ஒன்று. திருடன்தான் திறக்க வேண்டும். திறந்தாள். பூட்டுக்குள் விஷ முள் இருந்தது என்றான் அண்ணன். எட்டுக்கு மேல் வந்தால் பிழைப்பாள். அவள் பைக்குள் கையை விட்டு நெடுநேரம் துழாவினாள். ஆறு.

பேக்கரிக்காரர் மகனே, "பரவால்லடா, இன்னொரு தரம்..." என்று ஆரம்பித்தான். அண்ணன், "சத்தியம் பண்ணியிருக்கேன்" என்றான். பிறகு அவளைப் பார்க்காமலே சொன்னான்: "விஷம் தோள் வரைக்கும் ஏறிருச்சு. நாக்கு மரத்துப் போச்சு. செத்துட்ட."

அவள் அழவில்லை. அப்போதே கீழே பெரியம்மா கூப்பிட்டார், பாதை மூடிவிட்டதாம் என்று. அண்ணன் பெட்டியை மூடிப் பூண்டுக்கட்டுக்குப் பின்னால் தள்ளினான். அந்தக் கதை பாதியில் நின்றது. நாங்கள் குகைக்குள்ளேயே நின்றோம்.

அன்று மாலை சின்னவள் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. கூப்பிட்டால் வந்தாள், கொடுத்தால் சாப்பிட்டாள். ஆஸ்பத்திரி டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, தொண்டையில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். அவர் அப்படிச் சொன்னதுதான் வினையானது. தொண்டையில் இல்லையென்றால் வேறெங்கோ இருக்க வேண்டும் அல்லவா? மழையில் சோலைக்காட்டு ஓரமாகப் போயிருப்பாள், எதையோ பார்த்துப் பயந்திருப்பாள் என்று பெரியம்மா முடிவு செய்தார். பெரியம்மாவுக்குச் சொந்த ஊர் வத்தலக்குண்டுப் பக்கம். அங்கே அவர்கள் குடும்பத்துக்கென்று ஒரு கோடாங்கி இருந்தார். உடுக்கை அடித்துக் குறி சொல்லி, பேய் விரட்டுகிறவர். கடைத்தெருப் போனில் சொல்லி அனுப்பினார்கள். பாதை திறந்ததும் முதல் பஸ்ஸில் வருவதாகப் பதில் வந்தது. மஞ்சளைச் சுட்டு உள்ளங்காலில் ஒரு சூடு வைத்தால் சரியாகிவிடுமாம்.

பேக்கரிக்காரர் மகன் சட்டையைத் தூக்கிக் காட்டினான். தொப்புளுக்குப் பக்கத்தில், காசு அளவில், முடி முளைக்காத பளபளப்பான தோல்.

"கைக்குழந்தையில வச்சாக" என்றான்.

"வலிச்சுச்சா?"

"எனக்கு ஞாபகமில்ல. எங்கம்மாவுக்குத்தேன் ஞாபகமிருக்கு. இன்னும் அத தொட மாட்டாக."

நான் பெரியம்மாவிடம் போய்ச் சொன்னேன். சஷ்டி விரதத்துக்காக அவர் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். அந்த வருடம் விரதம் சின்னவளுக்காக.

"பெரிம்மா, அவளுக்குப் பேயெல்லாம் இல்ல. அவ வெளாட்டுல செத்துட்டா. அதேன் பேச மாட்டேங்குறா."

பால் பொங்கியதைக்கூட அவர் பார்க்கவில்லை. என் தாடையைப் பிடித்து, செம்புத் தண்ணீரை வாயில் ஊற்றினார். "கொப்புளி. கொப்புளிடீ! விரத நாளும் அதுவுமா எம் புள்ளயப் பாத்து என்ன வார்த்த சொல்லுற?"

அண்ணன் பெரியப்பாவிடம் போனான். பெரியப்பா, இறங்க வழியில்லாமல் அழுகிக்கொண்டிருந்த கேரட் மூட்டைகளைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இனிப்பான அழுகல் நாற்றம் தெரு முழுவதும் நின்றது. "வெளாட்டுல செத்தவ நெசத்துலயும் பேசாம இருப்பாளாக்கும்? போலே, சோலியப் பாரு" என்றார். இன்று யோசித்தால், அவர் கேட்டது நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் ஒரு ஏழு வயதுக்காரியிடம் மட்டும் இருந்தது. அவளோ செத்துக் கிடந்தாள்.

பாதையில் மண் அள்ளுகிறார்கள் என்று தினமும் யாராவது வந்து சொன்னார்கள். பெரியவர்களுக்கு அது நல்ல செய்தி. எங்கள் மூவருக்கும் சோறு இறங்கவில்லை.

சஷ்டி நாள் மதியம், சூரசம்ஹாரம் பற்றி ரேடியோவில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தபோது, அண்ணன் எங்களைப் பரணுக்குக் கூட்டிப்போனான். சின்னவளையும் தூக்கி ஏற்றினான். "வெரசா ஒக்காருங்க. இன்னைக்கு வழி தெறந்துரும்ங்கிறாக."

முதலில், செத்தால் புது ஆளை எடுத்துக்கொள்ளலாம் என்று புத்தகத்தைக் காட்டினான். மந்திரவாதி காலியாக இருக்கிறான், இப்போதே எடுத்துக்கொள் என்றான். சின்னவள் தலையை ஆட்டவில்லை. பேக்கரிக்காரர் மகனை நோக்கி விரலை நீட்டினாள். எங்களுக்குப் புரிந்தது. அவன் கதை முடியும் வரை காத்திருந்தான். அவனுக்குக் கிடைக்காத சலுகை அவளுக்கு வேண்டாம்.

"சரி. பூசாரி எழுப்பலாம்" என்றான் அண்ணன். "இருபது வந்தா எழுப்பலாம்னு கடைசிப் பக்கத்துல இருக்கு." அப்படி ஒரு பக்கம் இருந்ததா என்று எனக்கு இன்றும் தெரியாது. "நீ பூசாரி, ஒனக்காக நான் எடுக்குறேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் பைக்குள் கையை விட்டான். எடுத்ததை விளக்கருகே ஒரு கணம் பார்த்தான். விரல்களை மடக்கிக்கொண்டான்.

"இருபது!" என்றான். "பாத்தியா? இருபது! எந்திரிச்சுட்ட!"

சின்னவள் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். ஒன்பது. கட்டையை எடுத்துப் பையிலேயே போட்டுவிட்டு, பழைய இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

அண்ணன் சத்தியத்தை மீறியிருந்தான், மீறியும் பலன் இல்லை. சுவரில் சாய்ந்து முகத்தை மூடிக்கொண்டான். எனக்கு அவனைப் பார்க்கத்தான் அதிகம் பயமாக இருந்தது.

"கதைய முடிச்சிரு, அண்ணே" என்றேன். "நம்ம குகைய விட்டு வெளிய வந்துட்டா கதை முடிஞ்சுரும்ல? அவ பேசலாம்ல?"

"எனக்குச் சொல்ல வரல" என்றான். "அங்க என்ன இருக்குன்னு தெரியல எனக்கு. நீங்களும் செத்துட்டீங்கன்னா?"

அப்போதுதான் ஹாரன் கேட்டது. பெரிய வளைவில் பஸ் அடிக்கும் நீண்ட ஹாரன். தெருவில் யாரோ கைதட்டினார்கள்.

சின்னவள் எழுந்தாள். அட்டை மறைப்புக்குப் பின்னால் போனாள். அண்ணனின் முழங்கையைத் தள்ளிவிட்டு, அவன் இடத்தில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். அந்த இடத்தில் இருப்பவன் கதைக்குள் இல்லை. அவனுக்கு முள் குத்தாது. அவன் சாக மாட்டான்.

"இப்ப நாந்தேன் சொல்றவ" என்றாள். பேசாமலிருந்து குரல் கரகரத்திருந்தது. "எல்லாரும் குகைக்குள்ள நிக்கிறீங்க. அண்ணே, நீயும் நிக்கிற. வெளக்கு அணைஞ்சு போச்சு. என்ன செய்யப் போற?"

அண்ணன் வாய்விட்டு அழுதான். அழுதுகொண்டே, "சொவத்தத் தடவிக்கிட்டே நடக்குறேன்" என்றான்.

கோடாங்கி வந்தபோது, பலகை இடுக்கு வழியாகப் பார்த்த எங்களுக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. மங்கி குல்லா போட்ட சிறிய மனிதர். மலைப்பாதையில் வாந்தி எடுத்து, எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி உள்ளே வந்து, "யாத்தே, என்னா குளிரு" என்று நேராக அடுப்புக்கு முன்னால் குந்தினார். பரணிலிருந்து சின்னவளின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. பெரியம்மா ஏணியைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"நான் மொத வளைவு ஏறயிலயே அது எறங்கி ஓடிருச்சு தாயி" என்றார் கோடாங்கி.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் பெரியம்மாவின் பயம் எங்களுடையதைவிடப் பெரியது. "இருந்தாலும் ஒரு சூடு வச்சிருங்க ஐயா. திரும்ப வந்துருச்சுன்னா? வழி இன்னொரு தரம் மூடிருச்சுன்னா நான் எங்கிட்டுப் போவேன்?"

அவர் தயங்கினார். பெரியம்மா மஞ்சள் கிழங்கைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். அவர் அதைக் கம்பியில் குத்தி நெருப்பில் காட்டினார். மஞ்சள் கருகும் வாசனை உங்களுக்குத் தெரியும். அதை நான் அதற்குப் பிறகு சமையலில் தாங்கியதில்லை.

சின்னவள் பையோடு ஏணியிலிருந்து இறங்கி வந்தாள். அண்ணன் பின்னாலேயே ஓடிவந்து, "பைய எங்கிட்ட குடு" என்று கை நீட்டினான்.

"நீ ஆடுறவன். ஒக்காரு" என்றாள். பிறகு கோடாங்கியிடம், "ஒங்க இஷ்டத்துக்கு வைக்கக் கூடாது. கட்டை எடுக்கணும்" என்றாள்.

"என்ன கட்டை தாயி?"

"இதுக்குள்ள இருக்கு. பத்துக்கு மேல வந்தா வைங்க. கீழ வந்தா வைக்கக் கூடாது."

சாமி முன்னால் பூக்கட்டிப் போட்டு, எந்தப் பூ வருகிறது என்று பார்த்து எதையும் முடிவு செய்கிற வீடு அது. பெரியம்மா தடுக்கவில்லை, கன்னத்தில் போட்டுக்கொண்டார். கோடாங்கி அவளைச் சற்றுநேரம் பார்த்தார். சிரிக்கவில்லை.

"சரியாப் பத்து வந்தா?"

அவள் யோசித்தாள். ஒரு பாதத்தை இன்னொன்றின்மேல் ஏற்றி மறைத்துக்கொண்டாள். "பத்தும் கீழதேன்."

அவர் குல்லாவைக் கழற்றி வைத்துவிட்டுப் பைக்குள் கையை விட்டார். ஒரு கட்டையை எடுத்து, அடுப்பு வெளிச்சத்தில் உள்ளங்கையைக் குவித்துப் பார்த்தார். கம்பியில் மஞ்சள் புகைந்துகொண்டிருந்தது.

"ரெண்டு" என்றார். "சாமி உத்தரவு குடுக்கல தாயி."

கட்டையை அடுப்பில் போட்டார். மஞ்சளையும் கம்பியிலிருந்து தட்டி அதே அடுப்பில் போட்டார். எடுத்த கட்டையைத் திரும்பப் பையில் போடுவது தன் தொழில் முறையில் இல்லை என்றார். சின்னவள் அவர் கையைப் பிரித்துப் பார்க்கவில்லை. காப்பி வந்தது. மாலை பஸ்ஸிலேயே இறங்கிப் போனார். அவர் குணமாக்கியதாகப் பெரியம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் அதைப் பல வருடம் கேலி செய்தோம்.

எதையும் சரிபார்க்காமல் விட எனக்கு அப்போதே வராது. அன்றே பரணில் உட்கார்ந்து கட்டைகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தேன். இரண்டு அங்கேயே இருந்தது. இல்லாதது பதினாலு. யாரிடமும் சொல்லவில்லை. அவளிடமும் சொல்லவில்லை.

கார்த்திகையில் மழை விட்டபின் அடுத்த கதை தொடங்கியது. சொல்கிற இடத்தில் அவள்தான் இருந்தாள். அண்ணன் மந்திரவாதி. முதல் முறை பைக்குள் கையை விட்டபோது, பழைய கட்டைகளுக்கு நடுவில் ஒன்று சொரசொரப்பாகத் தட்டுப்பட்டது. வெளியே எடுத்தேன். தைலமரக் குச்சியை நறுக்கிச் செதுக்கிய புதுக் கட்டை, பச்சை வாசனை போகவில்லை. தலையில் மைப்பேனாவால், கோணல் எழுத்தில், 14 என்று எழுதியிருந்தது.

நிமிர்ந்தேன். அட்டைக்கு மேலே அவள் கண்கள் மட்டும் தெரிந்தன.

"என்ன வந்துச்சு?" என்று கேட்டாள். "வெரசா சொல்லு."